மூன்றாவது கம்பி

உடுமலைப்பேட்டையில் சிங்கிள் பேஸ் இணைப்புள்ள ஒரு வீட்டுக்கு மின்வாரியம் கம்பத்திலிருந்து இழுத்துத் தருவது இரண்டு கம்பிகள். ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். மூன்றாவதான எர்த் கம்பி வீட்டுக்காரரின் பொறுப்பு. காம்பவுண்டுச் சுவரோரம் ஆள் ஆழத்துக்கு மேல் குழி தோண்டி, ஜி.ஐ. குழாயை இறக்கி, அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, அந்தக் குழாயிலிருந்து ஒரு கம்பியை மெயின் போர்டு வரைக்கும் கொண்டுபோக வேண்டும். வீட்டு வேலையின் கடைசி வாரத்தில் வருகிற காரியம் இது. கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று, கையில் இருந்த பணமும் கரைந்தாயிற்று. குழி முழங்கால் ஆழத்தோடு நின்றுபோவது அந்த வாரத்தில்தான்.

நின்றுபோனது யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், மிக்ஸி அரைக்கும், பிரிட்ஜ் குளிரும். தோட்டத்தில் ஏழரை குதிரைச் சக்தி மோட்டார்கூட எர்த் இல்லாமல் வருடக்கணக்காகத் தண்ணீர் இறைக்கும். “அதெல்லாம் ஓடுதுங்க, ஒண்ணும் ஆகல” என்று வயர்மேன் சொல்வதில் பொய் இல்லை. எதுவும் ஆகாத நாள் வரைக்கும் எதுவும் ஆகாது.

அந்த வீட்டுக்கு இப்போது ஒரு மின்சாரக் கார் வருகிறது. கூடவே வந்த கேபிளை 16 ஆம்பியர் பாயிண்டில் செருகி, மறுமுனையை வண்டியில் மாட்டினால் கேபிளின் நடுவிலுள்ள பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. சார்ஜ் ஏறவில்லை. புது வண்டியிலேயே கோளாறு என்று ஷோரூமுக்குப் போன் போகிறது. ஆனால் வண்டியில் ஒரு குறையும் இல்லை. தரையோடு தொடர்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் வேலை செய்ய மறுக்கிற முதல் சாதனம் அந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த மறுப்பைப் புரிந்துகொண்டால், வண்டியைப் பத்திரமாக சார்ஜ் செய்வதில் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

சார்ஜர் என்று நாம் எதைச் சொல்கிறோம்? சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியையும், கேபிளோடு தொங்கும் பெட்டியையும் காட்டி அதுதான் சார்ஜர் என்கிறோம். கார்களைப் பொறுத்தவரை உண்மையான சார்ஜர் வண்டிக்குள்ளே, நம் கண்ணில் படாத இடத்தில் பதிந்திருக்கிறது. வெளியே இருப்பது காவல்காரன் மட்டுமே. மின்சாரத்தை விடலாமா, எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி பேட்டரிக்கு ஊட்டும் வேலை உள்ளே நடக்கிறது. டாடா டியாகோ போன்ற கார்களில் இந்த உள் சார்ஜர் 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட் என்று இரண்டு அளவுகளில் வருகிறது. 2020இல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரிலும் சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருந்தது. வேறு பல ஸ்கூட்டர்களில் அது கையில் எடுத்துப்போகும் தனிப் பெட்டி.

சார்ஜருக்குள் நடப்பது அழகான காரியம். நம் வீட்டு 230 வோல்ட் உண்மையில் நொடிக்கு ஐம்பது முறை கூட்டலுக்கும் கழித்தலுக்குமாக ஊசலாடுவது. உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொடும். சார்ஜர் முதலில் இந்த ஊசலை ஒரே திசைக்குத் திருப்புகிறது. பிறகு அதை 400 வோல்ட் அளவுக்கு உயர்த்திச் சீராக்குகிறது. இழுக்கும் மின்னோட்டமும் வோல்ட்டேஜின் அலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும்படி பார்த்துக்கொள்வதும் இதே கட்டத்தில்தான். அடுத்து அந்த நேர்மின்னோட்டத்தை மறுபடியும் வெட்டி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை துடிக்கும் அலையாக்கி, உள்ளங்கை அளவுள்ள ஒரு டிரான்ஸ்பார்மரில் செலுத்துகிறது. துடிப்பு வேகமாக ஆக ஆக டிரான்ஸ்பார்மர் சிறுத்துக்கொண்டே போகலாம். தெருமுனையில் ஐம்பது துடிப்புக்கு மாடு அளவு இரும்பு வேண்டியிருக்கிற வேலையின் ஒரு பங்கை வண்டிக்குள் உள்ளங்கை அளவில் முடிக்க முடிவது இதனால்தான். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் மீண்டும் நேர்மின்னோட்டமாகி பேட்டரிக்குப் போகிறது.

அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மர் இன்னொரு வேலையும் செய்கிறது. கம்பத்து மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லாமல், காந்தப்புலம் வழியாக மட்டும் ஆற்றலைக் கடத்துகிறது. சார்ஜரை வடிவமைத்தவர்கள் எச்சரிக்கையானவர்கள். வெள்ளம், அதிர்வு, வெப்பம், வோல்ட்டேஜ் ஏற்றத்தாழ்வு எல்லாவற்றிலும் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். ஆகவே ஆபத்து தங்கியிருக்கும் இடம் பெரும்பாலும் வண்டிக்குள் இல்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் சில மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போய் வந்ததல்ல.

முதலில் சாக்கெட். 3.3 கிலோவாட்டை 230ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. ஐ.எஸ். 1293 தரப்படியான பெரிய மூன்று முள் பாயிண்ட் 16 ஆம்பியருக்கானது. கணக்குப்படி சரிதான். வீட்டு கீசரும் இதே பாயிண்டில்தான் ஓடுகிறது. ஆனால் கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம் ஒரே சீராக இழுக்கும், அதுவும் தினமும், அதுவும் வீட்டார் தூங்கும்போது.

சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, முள்ளோடு சரியாகப் பொருந்தாமல், அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது. 14 ஆம்பியர் ஓடினால் பதினான்கை பதினான்கால் பெருக்கி 196, அதில் பத்தில் ஒன்று கிட்டத்தட்ட 20 வாட். இருபது வாட் என்றால் அற்பமாகத் தோன்றும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயனின் சக்தி அவ்வளவுதான். அதை எரிய விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து விடியும்வரை மூடிவைத்ததற்குச் சமம் இது. சூடேறிய தகடு இன்னும் தளரும், மேலே கருப்புப் படலம் கட்டும், தடை கூடும், அதனால் சூடு இன்னும் கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது, மின்னோட்டம் அளவு மீறினால் விழும் எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் ஓடுவது பதினான்கு ஆம்பியர், பதினாறுக்குள் இருக்கிறது. பியூஸும் போகாது. கரிந்த வாசனையும், பாயிண்டைச் சுற்றிப் படரும் பழுப்புக் கறையும் மட்டுமே அறிகுறிகள். ஆகவே புதிதாகக் கார் வாங்கியவர் முதல் சில நாட்கள், சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போய், பிளக்கின் பிளாஸ்டிக் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இயல்பு. தொட்டுக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு சாக்கெட்டை மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் வேலை அது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வாசலில் நிற்கும் வண்டிக்கு ஹாலில் இருந்து இழுக்கிற 20 மீட்டர் ஒயரில் செம்பு பெரும்பாலும் ஒரு சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். போக வர 40 மீட்டருக்கு அதன் தடை முக்கால் ஓமுக்குச் சற்றுக் குறைவு. 14 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே 140 வாட் சூடு பிறக்கும். விரித்துப் போட்டிருந்தால் காற்றில் கலைந்துபோகலாம். மிச்சத்தைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தால் அந்தச் சூடெல்லாம் ஒரே சுருளுக்குள் தங்கி ரப்பரை உருக்கும். மத்திய மின்சார ஆணையம் 2019இல் சார்ஜிங் நிலையங்களுக்கான பாதுகாப்பு விதிகளைச் சேர்த்தபோது எக்ஸ்டென்ஷன் கூடவே கூடாது என்று எழுதியது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனி லைன், 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுக் காப்பு, சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நிலையத்துக்கு எழுதப்பட்டதை வீட்டுக்கு ஏன் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்கலாம். நிலையத்தில் ஆள் விழித்திருப்பார். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், அதற்கென்றே ஒரு எம்.சி.பி., கசிவுக் காப்புக்கு அதற்கென்றே ஒரு ஆர்.சி.சி.பி. என்று தனியாக இழுத்துவிடுவதே சரி. 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் அது 31 ஆம்பியர் இழுக்கும். அதற்குச் சுவரில் பதிக்கும் தனிப் பெட்டிதான் வேண்டும், மூன்று முள் பாயிண்ட் தாங்காது.

இப்போது எர்த்துக்கு வருவோம்.

உடுமலை, குடிமங்கலம், பெதப்பம்பட்டிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரி வீசுகிறது, மழை மட்டும் வாரிப் பெய்வதில்லை. காற்றாலைகள் நிறைந்த அதே நிலம் பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஈரமான மண் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த மண் கடத்தாது. கார்த்திகையில் அளந்தபோது நல்ல எர்த்தாக இருந்தது சித்திரையில் பாதியாகக்கூடத் தேறாமல் போகலாம். பழைய விவசாயிகள் மோட்டார் ரூம் எர்த் குழிக்குக் கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது சுத்தமான மின்னியல்.

நல்ல ஈரமுள்ள மண்ணில் இரண்டரை மீட்டர் குழாய் இறக்கிய ஒரு குழியின் தடை 20 ஓம் என்று வைப்போம். மோசமான அளவில்லை. டிரான்ஸ்பார்மர் அடியிலுள்ள மின்வாரியத்தின் எர்த்துக்கு 3 ஓம். இப்போது வண்டியின் கேபிளில் எங்கோ உறை கிழிந்து பேஸ் கம்பி காரின் உடலைத் தொடுகிறது. மின்சாரம் உடல் வழியே எர்த் குழிக்கு இறங்கி, மண் வழியே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். மொத்தத் தடை 23 ஓம். 230ஐ 23ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. பத்து ஆம்பியர் மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். காரின் உடல் மண்ணைவிட 200 வோல்ட் உயரத்தில் நிற்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனாலும் கதவுக் கைப்பிடியைத் தொடுகிற குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை.

படித்தவர்களும் தவறவிடும் இடம் இது. “எர்த்தும் போட்டாச்சு, டிரிப்பரும் இருக்குது” என்பதோடு மனம் திருப்தி அடைந்துவிடுகிறது. நம் வீடுகளில் எர்த் தனியாக உயிரைக் காப்பதில்லை. ஆர்.சி.சி.பி.யோடு சேரும்போதுதான் காக்கிறது.

ஆர்.சி.சி.பி.க்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டும் அந்த வளையத்துக்குள் புகுந்து போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும், வளையம் அமைதியாக இருக்கும். போனதில் 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், அதாவது மண்ணுக்கோ ஓர் உடலுக்கோ, கசிந்துவிட்டால் கணக்கு இடிக்கிறது. வளையத்தில் எழும் சின்னத் துடிப்பு ஒரு பொறியைத் தட்டிவிட, 0.3 நொடிக்குள் இணைப்பு அறுந்துவிடும். மேலே சொன்ன பத்து ஆம்பியர் இதன் பார்வையில் மலையளவு. எர்த் கம்பி இருந்தால், உறை கிழிந்த கணத்திலேயே, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் குழி.

கடையில் வாங்கும்போது ஒரு விவரம். சாதாரணமாகத் தருவது ‘ஏசி’ வகை. வண்டிக்கு ‘ஏ’ வகை கேட்டு வாங்க வேண்டும். சார்ஜருக்குள் பழுது ஏற்பட்டால் கசிவது சில சமயம் நேர்மின்னோட்டமாக இருக்கும். அது வளையத்தை ஒரே பக்கமாகக் காந்தமேற்றி மரத்துப்போக வைத்துவிடும். அப்போது சாதாரண வகை, கண் எதிரே கசிவு நடந்தாலும் விழாது. கார் கேபிள் பெட்டிகளிலும் சுவர்ப் பெட்டிகளிலும் 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவை மோப்பம் பிடிக்கும் உறுப்பு தனியாக வைக்கப்படுவது இதற்காகத்தான். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் ‘டி’ என்று பொறித்த பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். விழவில்லையென்றால் அது செத்துப்போன சாதனம்.

சிலர் கேட்டிருக்கிறார்கள்: “வண்டி சார்ஜ் போடறப்ப தொட்டா சுர்ருங்குதுங்க, ஏனுங்?” இந்தச் சுர்ரென்ற உணர்வுக்குக் காரணம் பழுதுதான் என்பதில்லை. சார்ஜரின் வாசலில், அதன் வேகமான துடிப்புகள் வெளியே கசிந்து பக்கத்து வீட்டு ரேடியோவைக் கெடுக்காமல் இருக்க, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் வண்டியின் உடலுக்குச் சின்ன மின்தேக்கிகள் மாட்டியிருப்பார்கள். எர்த் இருந்தால் அவற்றின் சொற்ப மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாதபோது வண்டியின் உடல் இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். அளவாக வடிவமைக்கப்பட்ட மின்தேக்கிகள் என்பதால் சில மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தச் சுர் சொல்லும் சேதி ஆபத்தானது: இந்த வண்டிக்கு எர்த் இல்லை. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தொடுவது அதற்குத் தீர்வாகாது.

மோசமான ‘தீர்வு’ ஒன்று ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. பெட்டி சிவப்பு விளக்குக் காட்டி மறுக்கிறது. எர்த் குழி தோண்ட ஒரு நாள் ஆகும். அவசரத்தில் யாரோ சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் ஒரு துண்டு ஒயரை இணைத்துவிடுகிறார். பெட்டி பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்கிறது, இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. சார்ஜ் ஏறுகிறது. ஆர்.சி.சி.பி. இருந்து, மெய்யான எர்த்தும் ஓரளவு இருந்தால் இந்த இணைப்பால் அது அடிக்கடி விழும். விழுகிறதே என்று அதையும் கழற்றிவிடுகிறார்கள்.

ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் அறுகிறது. தோப்புகளுக்கு நடுவே லைன் போகும் ஊர்களில் இது அரிதான காரியம் அல்ல. அந்தக் கணம் என்ன ஆகும்? பேஸ் வழியே வந்த மின்சாரம் சார்ஜருக்குள் போய், நியூட்ரல் கம்பியில் திரும்பி, கம்பத்துக்குப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு ஒயர் வழியே எர்த் முள்ளுக்கு ஏறி, வண்டியின் உடல் முழுக்க வந்து நிற்கும். பெட்டியை ஏமாற்ற வைத்த துண்டு ஒயர், காரைப் பேஸ் கம்பியாக்கிவிட்டது. நம் வீட்டுப் பாயிண்டில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவரும் வயர்மேனை வைத்துத் திறந்து பார்ப்பது நல்லது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நியூட்ரல் அறுவதில் இன்னொரு சேதமும் உண்டு. தெருவில் மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் போய்விட்டால், வேறு வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் தொடர் இணைப்பாகி 400 வோல்ட்டைப் பங்குபோடும். அதிகம் இழுக்கும் வீட்டுக்குக் குறைவாகவும், ஒரு விளக்கு மட்டும் எரியும் வீட்டுக்கு மிகையாகவும் வோல்ட்டேஜ் போகும். டிவிகளும் பிரிட்ஜ்களும் ஒரே இரவில் தெரு முழுக்க எரிவது இப்படித்தான். மிகை வோல்ட்டேஜில் தானே துண்டிக்கும் காப்பான் ஒன்றை வண்டி லைனில் வைப்பது நல்லது. இடி மின்னல் மாலைகளில் பிளக்கையே உருவி வைத்துவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. தாழ்வான வோல்ட்டேஜுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். வோல்ட்டேஜ் இறங்கினால் கிணற்று மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயிலைக் கருக்கிக்கொள்ளும். வண்டி சார்ஜர் தனக்கு அனுமதித்த ஆம்பியரைத் தாண்டாமல், நேரம் மட்டும் அதிகம் எடுத்துக்கொள்ளும்.

அந்த அனுமதி எப்படித் தரப்படுகிறது என்பது அறிய இனிமையானது. காரின் ஏழு முள் இணைப்பில் ஒரு மெல்லிய முள் பேச்சுக்கென்றே இருக்கிறது. பெட்டி அதில் 12 வோல்ட்டை வைத்துக் காத்திருக்கும். வண்டி மாட்டப்பட்டதும் வண்டிக்குள்ளிருக்கும் ஒரு தடை அதை 9க்கு இறக்கும்: ‘வந்துவிட்டேன்’. பெட்டி உடனே கூட்டல் 12க்கும் கழித்தல் 12க்கும் இடையே நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் மேலே நிற்கும் நேரத்தின் சதவீதத்தை 0.6ஆல் பெருக்கினால் எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்பது கிடைக்கும். ஆறில் ஒரு பங்கு நேரம் மேலே நின்றால் 10 ஆம்பியர். வண்டி தயாரானதும் 9ஐ 6க்கு இறக்கும். அதன்பிறகுதான் பெட்டிக்குள் ‘டக்’ என்று ரிலே மூடும் சத்தம் கேட்கும், அதுவரை வண்டிப் பக்க முட்களில் மின்சாரமே கிடையாது. உருவும்போது இந்தப் பேச்சு முள்தான் நீளம் குறைவு என்பதால் முதலில் விடுபடும், ரிலே திறந்துவிடும், பொறி பறக்காது. சுவர்ப் பக்கம் இந்த நாகரிகம் எதுவும் இல்லை. ஓடுகிற சார்ஜை நிறுத்தாமல் சுவர் பிளக்கை இழுத்தால் பொறி பறந்து தகடு அரிக்கும். எனவே மாட்டும்போது சுவர் முதலில், வண்டி பிறகு. கழற்றும்போது வண்டி முதலில், சுவர் பிறகு.

தோட்டத்து வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் ரூமிலிருந்து வண்டிக்கு லைன் இழுக்காதீர்கள். விவசாய மின்சாரம் தமிழ்நாட்டில் 1990 முதல் இலவசம், ஆனால் அது பம்புசெட்டுக்காகக் கொடுத்தது. வண்டியை வீட்டு இணைப்பில் தாராளமாக சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இயற்பியலும் இடம் கொடுக்காது. மூன்று பேஸ் வராத நேரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டும் ரூம்களில், இல்லாத பேஸை அந்தக் கண்டென்சர்தான் உருவாக்குகிறது. அந்த முனையில் மோட்டாரின் சுமையைப் பொறுத்து வோல்ட்டேஜ் தாறுமாறாக ஆடும். இன்வெர்ட்டரிலும் சார்ஜ் போடக்கூடாது. கரெண்ட் போனதும் பல வீட்டு இன்வெர்ட்டர்களில் எர்த்தின் உறவே மாறிவிடுகிறது.

பேட்டரியின் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு, ஏனென்றால் பெரும்பகுதியை வண்டியே பார்த்துக்கொள்கிறது. கோவையில் 2008இல் தொடங்கிய ஆம்பியர் போன்ற நிறுவனங்களின் தொடக்ககால ஸ்கூட்டர்கள் ஈய-அமில பேட்டரிகளில் ஓடின. அவை சார்ஜின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜனை வெளியிடக்கூடியவை. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே பற்றும், எனவே காற்றோட்டமான இடம் தேவைப்பட்டது. லித்தியத்தில் அந்தப் பிரச்சினை இல்லை, வெப்பம்தான் பிரச்சினை. மே மாத வெயிலில் பழநியிலிருந்து ஓட்டி வந்த வண்டியை வந்ததும் மாட்டாமல், நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்டலாம்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரி எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் கலந்த அடர்ந்த புகை சில நிமிடங்களில் வீட்டை நிரப்பும். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 தரம் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் தீப்பிடித்தால் அது மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்ற சோதனை வந்தது. சார்ஜரும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் பாயாமல் மெதுவாகத் தொடங்க வேண்டும், ஒரேயடியாக வற்றிப்போன பேட்டரியை முதலில் சோதித்தறிய வேண்டும், நிறைந்ததும் துண்டிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. எந்த வண்டியானாலும் நடையிலோ மாடிப்படி அடியிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். வீட்டிலிருந்து வெளியேறும் ஒரே வழி அதுவாக இருந்தால் தீ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். போர்டிகோவோ, தனிக் கொட்டகையோ, தென்னை ஓலை வேயாத ஒரு தகரச் சாய்ப்போ போதும்.

கடைசியாக, இன்னும் ஒன்று. புதிய உள் சார்ஜர்கள் சில இரு திசையிலும் வேலை செய்கின்றன. 2023 செப்டம்பரில் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் எடுத்து விளக்கோ மோட்டாரோ ஓட்டலாம். கரெண்ட் இல்லாத இரவில் காரிலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இரண்டு பக்கமும் ஆண் முள் வைத்த ஒரு கேபிளைச் செய்து, காரிலிருந்து வீட்டு சாக்கெட்டில் செருகினால் விளக்குகள் எரியத்தான் செய்யும். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மெயின் ஸ்விட்ச் வழியே தெருக் கம்பிக்குப் போகும். 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கும் அதே டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கமிருந்து ஊட்டினால் ஏற்றவும் செய்யும். லைனை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேன் கையில் உயரழுத்த மின்சாரம் வந்து சேரும். கல்யாண மண்டபங்களிலும் அரிசி ஆலைகளிலும் ஜெனரேட்டருக்கு வைத்திருக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. கம்பத்து மின்சாரம் ஒரு பக்கம், நம்முடையது மறுபக்கம், இரண்டும் ஒரே சமயத்தில் சேரவே முடியாத அமைப்பு அது. அதை மாட்டாமல் காரின் மின்சாரத்தை வீட்டு ஒயரிங்கோடு இணைக்கக் கூடாது. அதுவரை காரிலிருந்து வரும் லைனில் விளக்கையும் மின்விசிறியையும் நேராகச் செருகிக்கொள்ளுங்கள்.